டயரைப் படிக்கலாம்



பெங்களூரில் மல்லேஸ்வரம் என்று ஒரு பகுதி இருக்கிறது. காடு மல்லேஸ்வரர் கோயில் அங்கே இருப்பதால் அந்தப் பெயர் வந்தது. கோயிலைக் கட்டியவர் வெங்கோஜி என்று சொல்வார்கள். அவர் மராட்டிய மன்னர் சிவாஜிக்கு மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி. தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய அரசர்களில் முதல்வரும் அவர்தான்.

1898இல் பெங்களூரில் பிளேக் நோய் பரவியது. நெரிசலான பேட்டைத் தெருக்களை விட்டு மக்கள் வெளியேறினார்கள். அதன் பிறகுதான் மல்லேஸ்வரம் பெரிய குடியிருப்பாக வளர்ந்தது. நேர் நேராகத் தெருக்கள், ஓரமெல்லாம் மரங்கள். ஒரு சாலைக்குச் சம்பிகே ரோடு என்று பெயர். சம்பிகே என்றால் கன்னடத்தில் சண்பகம். இன்னொன்று மார்கோசா ரோடு. அது வேப்பமரத்தின் பெயர்.

அன்று அந்தத் தெருக்களில் குதிரை வண்டியும் மாட்டு வண்டியும் போயின. இன்று காருக்குப் பின்னால் கார் நிற்கிறது. 8ஆவது கிராஸில் பூ வாங்க வந்தவர், காரை நிறுத்த இடம் தேடி மூன்று சுற்று சுற்றுகிறார்.

மல்லேஸ்வரத்தை ஒட்டி ஸ்ரீராமபுரம் இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஆட்டோ ஓட்டுபவர்கள், வாடகைக் கார் ஓட்டுபவர்கள், பட்டறையில் வேலை செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு கார் ஓட்டுநரை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் எதுவாகவும் இருக்கட்டும்.

அவர் நாள் முழுவதும் நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறார். வண்டி நன்றாக ஓடுகிறது. ஒரு நாள் மல்லேஸ்வரத்தில் ஒரு குடும்பம் அவரைக் கூப்பிடுகிறது. "திருவண்ணாமலைக்குப் போகணும். காலையில அஞ்சு மணிக்கு வந்துடுங்க" என்கிறார்கள். பாட்டி, அப்பா, அம்மா, ஒரு சிறுமி. மொத்தம் நான்கு பேர். ஓசூர் தாண்டியதும் அகலமான சாலை வருகிறது. வேகம் 60இலிருந்து 70 ஆகிறது. பிறகு 80 ஆகிறது. அப்போது ஸ்டீயரிங் கையில் நடுங்குகிறது. வேகத்தைக் குறைத்தால் நடுக்கம் நின்றுவிடுகிறது. மறுபடி 80ஐத் தொட்டால் மறுபடி நடுங்குகிறது.

"என்னப்பா, வண்டி உதறுது?" என்று பாட்டி கேட்கிறார்.

"ரோடு சரியில்லைம்மா" என்கிறார் ஓட்டுநர்.

ஆனால் ரோடு சரியாகத்தான் இருக்கிறது. சக்கரத்தில்தான் குறை. நகரத்தில் தெரியாத அந்தக் குறை, நெடுஞ்சாலையில் வெளிப்பட்டது. ஏன்?

வீட்டில் ஒரு பழைய சைக்கிள் இருந்தால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். முன் சக்கரம் தரையில் படாதபடி தூக்கிப் பிடியுங்கள். சக்கரத்தை மெல்லச் சுற்றிவிடுங்கள். அது தானாக நிற்கட்டும். எந்த இடம் கீழே வந்து நின்றது என்று சுண்ணாம்பால் குறி வையுங்கள். மறுபடி சுற்றுங்கள். பெரும்பாலும் அதே இடம்தான் கீழே வரும். காற்று அடிக்கும் வால்வு இருக்கும் பக்கமாக அது இருக்கலாம். அந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் எடை அதிகம் என்று பொருள். அதற்கு நேர் எதிரே, கம்பியில் ஒரு துண்டு ஈயத்தையோ இரும்பையோ கட்டிப் பாருங்கள். சரியான எடை அமைந்துவிட்டால், சக்கரம் ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் நிற்கும்.

வீல் பேலன்சிங் என்பது இதுதான். தமிழில் சக்கரச் சமநிலை என்று சொல்லலாம். பட்டறையில் அப்படிச் சொன்னால் யாருக்கும் புரியாது. பேலன்சிங் என்றே கேளுங்கள்.

கார் டயரும் அதன் ரிம்மும் எல்லாப் பக்கமும் ஒரே எடையாக இருப்பதில்லை. தொழிற்சாலையில் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சில கிராம் கூடும், குறையும். ஓடி ஓடித் தேயும்போது அது இன்னும் மாறும். ஒரு பக்கம் 20 கிராம் கூடுதல் என்று வையுங்கள். மூன்று 10 ரூபாய் நாணயத்தை விடக் குறைந்த எடைதான். இதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றும்.

கவண் கல்லை நினைத்துப் பாருங்கள். தினைப்புனம் காக்கிறவர் கயிற்றில் கல்லை வைத்துச் சுழற்றுகிறார். மெல்லச் சுழற்றினால் கயிறு கையை மெல்ல இழுக்கும். வேகமாகச் சுழற்றினால் பலமாக இழுக்கும். கல் அதே கல்தான். இழுப்புதான் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கு ஆனால், இழுப்பு நான்கு மடங்கு ஆகும்.

கார் சக்கரத்திலும் இதே கணக்குத்தான். 14 அங்குல ரிம் உள்ள சாதாரணக் காரை எடுத்துக்கொண்டால், 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 20 கிராம், ஏறக்குறைய அரைக் கிலோ எடை இழுப்பது போல இழுக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அதே 20 கிராம் ஏறக்குறைய 2 கிலோ எடையாக இழுக்கும். அந்த வேகத்தில் சக்கரம் ஒரு நொடிக்கு 11 தடவை சுற்றுகிறது. மேலே ஒரு இழுப்பு, கீழே ஒரு இழுப்பு. நொடிக்கு 11 தடவை யாரோ சுத்தியலால் தட்டுவது போல. ஸ்டீயரிங் நடுங்காமல் என்ன செய்யும்?

நடுக்கம் ஸ்டீயரிங்கில் தெரிந்தால் முன் சக்கரத்தில் குறை இருக்கலாம். இருக்கையிலும் காலடியிலும் தெரிந்தால் பின் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். இது பொதுவான அடையாளம். கவனிக்காமல் விட்டால் டயர் அங்கங்கே குழி குழியாகத் தேயும். பேரிங், ஷாக் அப்சார்பர், ஸ்டீயரிங் இணைப்புகள் எல்லாம் சீக்கிரம் தளரும். கை மரத்துப்போகும். கை மரத்த ஓட்டுநருக்கு ரோட்டின் மீது கவனம் குறையும்.

இனி பட்டறைக்குள் போய்ப் பார்க்கலாம். மல்லேஸ்வரத்திலும் யஷ்வந்த்பூர் பக்கத்திலும் இப்படிப்பட்ட கடைகள் உண்டு. உங்கள் ஊரிலும் இருக்கும்.

சக்கரத்தைக் காரிலிருந்து கழற்றுவார்கள். பள்ளங்களில் சிக்கிய கல்லையும் சேற்றையும் எடுப்பார்கள். எடுக்க வேண்டும். ஒரு சிறு கல்லே கணக்கைக் கெடுத்துவிடும். ரிம்மில் இருக்கும் பழைய எடைகளையும் பிடுங்கிவிடுவார்கள். பிறகு சக்கரத்தை இயந்திரத்தின் தண்டில் மாட்டி, நடுவில் கூம்பு வைத்து இறுக்குவார்கள். மூன்று அளவுகளை இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். இயந்திரத்துக்கும் ரிம்முக்கும் இடையே உள்ள தூரம் ஒன்று. ரிம்மின் அகலம் ஒன்று. ரிம்மின் குறுக்களவு ஒன்று. சில புதிய இயந்திரங்கள் இவற்றில் சிலவற்றைத் தாமே அளந்துகொள்கின்றன. இந்த அளவில் தவறு செய்தால் மற்ற எல்லாமே தவறாகும். பேலன்சிங் செய்த பிறகும் வண்டி உதறுகிறது என்று சிலர் சண்டை போடுவார்கள். கூம்பில் அழுக்கு இருந்திருக்கும். அல்லது அளவைத் தப்பாகக் கொடுத்திருப்பார்கள். ரிம் கோணலாக இருந்தாலும் உதறல் நிற்காது.

மூடியை மூடியதும் சக்கரம் சுற்றும். நிற்கும். திரையில் இரண்டு எண்கள் வரும். ஒன்று உள்பக்கத்துக்கு. மற்றொன்று வெளிப்பக்கத்துக்கு.

எதற்காக இரண்டு எண்கள்? கார் டயர் அகலமானது. உள்விளிம்பில் மேல் பக்கமும் வெளிவிளிம்பில் கீழ்ப் பக்கமும் எடை கூடி இருக்கலாம். சும்மா தொங்கவிட்டால் இந்தக் குறை தெரியாது. மேலும் கீழும் சரியாகிவிடும். சுற்றும்போதுதான் சக்கரம் இடமும் வலமுமாக ஆடும். தொங்கவிட்டுப் பார்ப்பது சைக்கிளுக்குப் போதும். காருக்குச் சுற்றித்தான் பார்க்க வேண்டும்.

திரையில் 25 என்று வந்தால் 25 கிராம் எடையை அந்த இடத்தில் வைக்க வேண்டும். இரும்பு ரிம் என்றால் விளிம்பில் எடையைச் செருகிச் சுத்தியலால் தட்டுவார்கள். அலாய் ரிம் என்றால் உள்ளே ஒட்டுவார்கள். பிறகு மறுபடி ஒரு தடவை சுற்ற வேண்டும். இரண்டு இடத்திலும் பூஜ்யம் வர வேண்டும்.

இந்த இரண்டாம் சுற்றுத்தான் முக்கியம். கூட்டம் அதிகமாக இருந்தால் சில கடைகளில் இதை விட்டுவிடுவார்கள். காசு கொடுப்பவர் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பூஜ்யம் வந்ததா என்று படிக்கலாம். எண் படிக்கத் தெரிந்தவரை யாரும் ஏமாற்ற முடியாது.

எப்போது செய்ய வேண்டும்? புது டயர் மாட்டும்போது செய்ய வேண்டும். பஞ்சருக்காக டயரை ரிம்மிலிருந்து கழற்றினால் செய்ய வேண்டும். எடை விழுந்துவிட்டால் செய்ய வேண்டும். இல்லையென்றால் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை போதும். அந்தச் சமயத்தில் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டால் நான்கும் ஒன்றுபோலத் தேயும். பக்கச் சுவரில் அம்புக்குறி இருக்கிற டயராக இருந்தால், அம்பு வண்டி முன்னே ஓடும் திசையைக் காட்ட வேண்டும்.

அலைன்மென்ட் என்பது வேறு வேலை. இரண்டையும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். பேலன்சிங் சக்கரத்தின் எடையைச் சரி செய்வது. அலைன்மென்ட் சக்கரம் நிற்கும் கோணத்தைச் சரி செய்வது. நேரான ரோட்டில் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், அலைன்மென்ட் பார்க்க வேண்டும். டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தாலும் அதுதான். மழை முடிந்த பிறகு பெங்களூர்ப் பள்ளங்களில் ஏறி இறங்கிய வண்டிகள் இதற்குத் தப்புவதில்லை.

ஒரு செய்தியைப் பட்டறையில் வேலை செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சிறிய எடைகள் பல ஈயத்தால் ஆனவை. ஈயம் நஞ்சு. உடலுக்குள் போனால் எளிதில் வெளியேறாது. குழந்தைகளின் மூளையை அது பாதிக்கும். ஐரோப்பிய நாடுகளில் 2005ஆம் ஆண்டு முதல் புதிய கார்களில் ஈய எடைகளை மாட்டுவதில்லை. துத்தநாகம், இரும்பு ஆகியவற்றில் செய்கிறார்கள். ஈய எடையை எடுத்த கையோடு டீ குடிக்கக் கூடாது. வடை சாப்பிடக் கூடாது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வேண்டும். வாயில் எடையைக் கவ்விக்கொண்டு வேலை செய்யும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதை இன்றே விட வேண்டும்.

இப்போது காற்றுக்கு வருவோம். பேலன்சிங்கை விட இதுதான் பெரிய விஷயம்.

ரப்பர் டயருக்குள் காற்றை அடைக்கலாம் என்று முதலில் நினைத்தவர் ராபர்ட் வில்லியம் தாம்சன். ஸ்காட்லாந்துக்காரர். 1845இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அப்போது சைக்கிளும் இல்லை, காரும் இல்லை. குதிரை வண்டிக்கு யார் அவ்வளவு செலவு செய்வார்கள்? உலகம் அதை மறந்துவிட்டது. 43 ஆண்டுகள் கழித்து, 1888இல், பெல்ஃபாஸ்ட் நகரத்தில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் அதையே மறுபடி கண்டுபிடித்தார். அவருடைய மகனுக்கு ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. கல் பாவிய தெருவில் அது தடதடவென்று குலுங்கியது. மகனுக்காக ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் கட்டினார். அந்த டன்லப் பெயரில்தான் பிறகு பெரிய கம்பெனி வந்தது. சென்னை அம்பத்தூரிலும் அதற்குத் தொழிற்சாலை இருந்தது.

தமிழ்நாட்டில் இன்னொரு கதையும் உண்டு. 1946இல் சென்னை திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் பொம்மை பலூன் செய்யும் சிறு தொழிலைத் தொடங்கினார். 1952இல் பழைய டயருக்கு மேல் ஒட்டும் ரப்பர் செய்தார். 1960களின் தொடக்கத்தில் டயரே செய்யத் தொடங்கினார். அதுதான் எம்.ஆர்.எஃப். பலூனில் தொடங்கியது டயரில் முடிந்தது. இரண்டுக்கும் உள்ளே இருப்பது காற்றுதானே.

காரைத் தாங்குவது ரப்பர் என்று நினைக்கிறோம். உண்மையில் தாங்குவது காற்று. ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஓர் உள்ளங்கை அளவுதான். நான்கு உள்ளங்கைகளின் மீது பாட்டி, அப்பா, அம்மா, சிறுமி, ஓட்டுநர், பெட்டி, பழக்கூடை எல்லாம் போகின்றன.

எவ்வளவு காற்று வேண்டும்? ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவு ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்று அதில் எண்கள் இருக்கும். 30, 32, 33 என்று இருக்கலாம். இதைப் பவுண்டு என்றும் பாயிண்ட் என்றும் சொல்வார்கள். அந்தச் சீட்டில் உள்ளதே உங்கள் காருக்குச் சரியான அளவு. டயரின் பக்கச் சுவரில் 44 அல்லது 51 என்று ஒரு பெரிய எண் இருக்கும். அது டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்று அடிக்கக் கூடாது.

காலால் உதைத்துப் பார்த்துக் காற்றைக் கணிப்பவர்கள் உண்டு. பழைய டயர்களின் காலத்தில் அது ஓரளவு சரியாக இருந்திருக்கலாம். இப்போதைய ரேடியல் டயர் சரியான காற்று இருந்தாலும் அடியில் கொஞ்சம் பிதுங்கித்தான் தெரியும். 10 பவுண்டு குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும். பஞ்சர் இல்லாத டயரிலும் மாதம் ஒரு பவுண்டு அளவுக்குக் காற்று குறையும். 15 நாளுக்கு ஒரு தடவையாவது பாருங்கள். காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். காற்று அடித்ததும் வால்வு மூடியைப் போட மறக்காதீர்கள். மூடி இல்லாவிட்டால் தூசி உள்ளே போய் வால்வு கசியும். கசிகிறதா என்று பார்க்க ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் போதும். குமிழி வந்தால் கசிவு.

நைட்ரஜன் காற்று அடிக்கச் சொல்லிச் சில இடங்களில் காசு கேட்பார்கள். கெடுதல் ஒன்றும் இல்லை. அது கொஞ்சம் மெதுவாகக் குறையும். ஆனால் சாதாரணக் காற்றிலேயே 100க்கு 78 பங்கு நைட்ரஜன்தான். அடிக்கடி சோதிப்பவருக்குச் சாதாரணக் காற்றே போதும்.

ஒரு தவறான நம்பிக்கையைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். "வெயில் காலத்தில் காற்று விரியும். டயர் வெடிக்கும். அதனால் காற்றைக் குறைத்து வைக்கணும்" என்று பல ஓட்டுநர்கள் நம்புகிறார்கள். இது உயிருக்கு ஆபத்தான நம்பிக்கை.

காற்று விரிவது உண்மைதான். 15 டிகிரி வெப்பம் கூடினால் சுமார் 2 பவுண்டு கூடும். ஓடும்போது இன்னும் சில பவுண்டு கூடும். அதையெல்லாம் தாங்கத்தான் டயரைச் செய்திருக்கிறார்கள். சீட்டில் எழுதிய எண்ணும் அதைக் கணக்கில் வைத்துத்தான்.

காற்று குறைந்தால் என்ன நடக்கும்? ஒரு கம்பியை எடுத்து ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்துங்கள். பிறகு அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் அப்படித்தான் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. நொடிக்கு 11 தடவை. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 40,000 தடவை. உள்ளே இருக்கும் நூலும் கம்பியும் ரப்பரும் சூடேறுகின்றன. ஒன்றை ஒன்று விட்டுப் பிரிகின்றன. கடைசியில் டயர் வெடிக்கிறது. ஆக, வெடிப்பதற்குக் காற்று குறைவும் அதிகச் சுமையும் அதிக வேகமும் சேர்வதுதான் பெரிய காரணம். வெயில் அதோடு சேர்ந்துகொள்கிறது.

மகாராஷ்டிரத்தில் நாக்பூரிலிருந்து புதிய விரைவுச் சாலை ஒன்று போட்டார்கள். சம்ருத்தி சாலை என்று பெயர். 2022 டிசம்பரில் அதன் முதல் பகுதி திறந்தது. நீண்ட, நேரான கான்கிரீட் சாலை. அங்கே டயர் வெடித்துப் பல விபத்துகள் நடந்தன. 2023இல் போக்குவரத்து அதிகாரிகள் சாலையின் நுழைவிலேயே நின்று டயர்களைச் சோதிக்கத் தொடங்கினார்கள். தேய்ந்த டயரோடு வந்த வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். ஊருக்குள் 40இல் ஓடிய அதே டயர்தான். மணிக்கணக்காக ஒரே வேகத்தில் ஓடியதும் தாங்கவில்லை.

ஓடும்போது டயர் வெடித்துவிட்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. மிதித்தால் வண்டி சுழன்றுவிடும். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடிக்க வேண்டும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். வண்டி தானாக வேகம் குறையட்டும். குறைந்த பிறகு மெல்ல இடது ஓரம் வர வேண்டும்.

டயரின் மேலே இருக்கும் பள்ளங்கள் அழகுக்காக வெட்டியவை அல்ல. மழையில் ரோட்டில் நிற்கும் தண்ணீர் அந்தப் பள்ளங்கள் வழியாக வெளியே போகிறது. பள்ளம் தேய்ந்து மொட்டையானால் தண்ணீருக்கு வழி இல்லை. டயர் தண்ணீரின் மேல் மிதக்கும். பிரேக் பிடித்தாலும் நிற்காது. ஸ்டீயரிங் திருப்பினாலும் திரும்பாது.

கார் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இரு சக்கர வண்டிக்கும் ஆட்டோவுக்கும் 0.8 மில்லிமீட்டர். இது மத்திய மோட்டார் வாகன விதிகளில் எழுதியிருக்கிறது. இதை அளக்கக் கருவி வேண்டாம். டயரின் ஓரத்தில் சின்ன முக்கோணம் இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் பாருங்கள். ஒரு சின்ன ரப்பர் மேடு இருக்கும். மேலே உள்ள ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால், டயரின் ஆயுள் முடிந்தது.

தேய்ந்த விதமும் சேதி சொல்லும். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. பக்கச் சுவரில் கொப்புளம் போல ஓர் இடம் வீங்கியிருந்தால், பள்ளத்தில் மோதி உள்ளே நூல் அறுந்திருக்கிறது. அதை எந்தப் பஞ்சர்க் கடையிலும் சரி செய்ய முடியாது. டயரை மாற்ற வேண்டும். "இன்னும் ஒரு மாசம் ஓடும்" என்று சொல்பவர், அந்த ஒரு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து வரப் போவதில்லை.

டயரில் எழுதியிருப்பதைப் படிக்கலாம். 165/80 ஆர் 14 85 டி என்று ஒரு டயரில் இருக்கிறது என்று வையுங்கள். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம். அகலத்தில் 100க்கு 80 பங்கு. ஆர் என்றால் ரேடியல். 14 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். 85 என்பது சுமைக்கு ஓர் அடையாள எண். 515 கிலோ வரை அந்த ஒரு டயர் தாங்கும் என்று அதற்குப் பொருள். டி என்ற எழுத்து, மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பதைக் காட்டும். அவ்வளவு வேகத்தில் ஓட்டச் சொல்லவில்லை.

இன்னொரு இடத்தில், சின்ன வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்று இருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர் அது. ரப்பருக்கும் வயது உண்டு. ஓடாமல் நின்றாலும் அது இறுகிப் போகும், வெடிப்பு விழும். ஐந்து ஆண்டு ஆன டயரை ஆண்டுக்கு ஒரு தடவை கடைக்காரரிடம் காட்டுவது நல்லது. புது டயர் என்று சொல்லிப் பழைய இருப்பை விற்றால், இந்த நான்கு எண்கள் காட்டிக் கொடுத்துவிடும்.

மாற்று டயரை ஸ்டெப்னி என்கிறோம். அது ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு இருக்கிறது. அங்கே 1904இல் ஒரு கடையில் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். அந்த நாட்டிலேயே அந்தச் சொல் மறைந்துவிட்டது. இந்தியாவில் மறையவில்லை. ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ராத்திரி நடுரோட்டில் பார்ப்பதில் பயன் இல்லை. சில புதிய கார்களில் இப்போது ஸ்டெப்னி இருப்பதில்லை. பஞ்சர் ஒட்டும் பெட்டியும், காற்றுக் குறைந்தால் எச்சரிக்கும் கருவியும் இருக்கும். 2020இல் விதியை அப்படி மாற்றினார்கள்.

சக்கரம் மாற்றும்போது, கார் தரையில் நிற்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். பிறகுதான் ஜாக்கியால் தூக்க வேண்டும். மாட்டும்போது ஒன்றுக்கு எதிரே உள்ள நட்டை அடுத்ததாக முடுக்க வேண்டும். வரிசையாக முடுக்கினால் சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் யாரும் போகக் கூடாது.

கழற்றிப் போட்ட பழைய டயரை மொட்டை மாடியிலோ கடை வாசலிலோ போட்டு வைக்காதீர்கள். மழைத் தண்ணீர் அதில் தேங்கும். எப்படிச் சாய்த்து வைத்தாலும் கொஞ்சம் நிற்கும். டெங்கு பரப்பும் கொசு அந்தக் கொஞ்சம் தண்ணீரில்தான் முட்டையிடும். ஊஞ்சலோ செடித் தொட்டியோ செய்வதாக இருந்தால் அடியில் துளை போடுங்கள்.

அந்த ஓட்டுநர் என்ன ஆனார்? கிருஷ்ணகிரியில் வண்டியை ஓரம் கட்டினார். இறங்கி முன் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். ரிம்மின் விளிம்பில் ஓர் இடம் மட்டும் சுத்தமாக, தூசி படியாமல் இருந்தது. அங்கே இருந்த எடை விழுந்துவிட்டது. மீதித் தூரம் 60க்கு மேல் போகாமல் ஓட்டினார். ஒரு மணி நேரம் தாமதம். பாட்டி கொஞ்சம் முணுமுணுத்தார். மறுநாள் மல்லேஸ்வரம் திரும்பியதும் நேரே பட்டறைக்குப் போனார். திரையில் இரண்டு பூஜ்யம் வரும் வரை அங்கேயே நின்றார்.

இந்த அறைக்கு வெளியே இரண்டு கார்கள் நிற்கின்றன. ஒரு ஆட்டோவும் நிற்கிறது. வெளிச்சம் இருக்கும்போதே போய், எந்த டயர் எந்த ஆண்டில் செய்தது என்று அந்த நான்கு எண்களைத் தேடிப் படித்துவிட்டு வாருங்கள். டீ வந்துகொண்டிருக்கிறது.